கறி விருந்தில் ஆட்டுக்கறியை எடுத்துவிட்டு பனீர் போட்டால் பூமிக்கு நல்லதா?

கோட்டையூர் சமையல்காரி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி, கோட்டையூர், கானாடுகாத்தான் பக்கம் விசேஷ வீடுகளுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறேன். மாமியார் காலத்திலிருந்தே எங்களுக்கு இதுதான் பிழைப்பு.

தை மாதம் ஒரு கல்யாணம் பேசியிருக்கிறது. கல்யாணத்தன்று சைவம், அதில் பேச்சே இல்லை. மறுநாள் கறி விருந்து, 400 பேர். சீரகச் சம்பா சோறு, உப்புக்கறி, கோலா உருண்டை, எலும்புக் குழம்பு, மிளகுக் கோழி, ரசம், கடைசியில் கவுனி அரிசி. ஆட்டுக்கறி 60 கிலோ, கோழி 40 கிலோ என்று பட்டியல் போட்டு முன்பணமும் வாங்கியாயிற்று.

இப்போது அமெரிக்காவிலிருந்து மாப்பிள்ளையே போன் செய்கிறார். "அக்கா, ஆடு மாடு வளர்ப்பதால்தான் பூமி சூடாகிறது. மறுநாளும் சைவமாகவே வைத்துவிடுங்கள்" என்கிறார். நல்ல பிள்ளை, பேச்சில் மரியாதை குறையாது. ஆனால் கறிக்குப் பதிலாக அவர் சொன்ன பட்டியலைக் கேளுங்கள்: பனீர் சுக்கா, பனீர் பட்டர் மசாலா, நெய்ச்சோறு, காளான் மிளகு வறுவல், ரசமலாய். அவருடைய அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் ஒரே ரகளை. "சம்பந்தி வீட்டார் முன்னால் காளானை வைத்து என் மானத்தை வாங்கப் பார்க்கிறான்" என்று எனக்குப் போன் மேல் போன்.

இரண்டு பேருக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு உள்ள சந்தேகம் இதுதான். மாடு வளர்த்தால் பூமி சூடாகும் என்றால் பனீர் எங்கிருந்து வருகிறது? நம் பக்கத்து ஆட்டுக்கு யாரும் தீவனம் வாங்கிப் போடுவதில்லை. கண்மாய்க் கரையிலும் அறுத்த வயலிலும் மேய்ந்து வளர்கிறது. பனீரோ எங்கேயோ செய்து, குளிர்பெட்டி வண்டியில் வருகிறது. எது கெடுதல் என்று தெரிந்தவர்கள் கணக்கோடு சொல்லுங்கள். சைவம் புண்ணியமா, அசைவம் நம் பாரம்பரியமா என்ற சண்டை மட்டும் வேண்டாம். அது எங்கள் அடுப்படியில் தினமும் நடக்கிறது.

கல்லல் வேளாண்மை

அக்கா, நீங்கள் சரியான இடத்தைத்தான் பிடித்திருக்கிறீர்கள்.

2018இல் 'சயின்ஸ்' இதழில் பூர், நெமசெக் என்ற இருவர் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டார்கள். 119 நாடுகளில் 38,000க்கும் மேற்பட்ட பண்ணைகளின் விவரம் அதில் இருக்கிறது. ஒரு கிலோ உணவு உண்டாக எத்தனை கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான சூடு சேர்கிறது என்று பார்த்தார்கள். உலகச் சராசரியாகச் சொல்கிறேன்: கறிக்கென்றே வளர்க்கும் மாடு 60, ஆட்டிறைச்சி 24, பாலாடைக்கட்டி 21, வளர்ப்பு இறால் 12, கோழி 6, முட்டை 4.5, அரிசி 4, பால் 3, பட்டாணி 1க்கும் குறைவு.

ஆடு, மாடு, எருமை மூன்றும் அசைபோடும் பிராணிகள். வயிற்றில் புல் நொதிக்கும்போது மீத்தேன் என்ற வாயு உண்டாகி, பெரும்பாலும் ஏப்பமாக வெளியே வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கரியமில வாயுவைப் போல ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். கோழிக்கு அந்த வயிறு இல்லை, அதனால்தான் எண் சட்டென்று இறங்குகிறது. ஆகவே சைவமா அசைவமா என்பதைவிட, அசைபோடுவதா இல்லையா என்று பார்ப்பதுதான் இங்கே முக்கியம்.

இப்போது பனீர். ஒரு கிலோ பனீருக்கு 5 முதல் 6 லிட்டர் பால் வேண்டும். பாலுக்கு 3 என்றால் பனீருக்கு 15 முதல் 18. உங்கள் பட்டியலில் ஆட்டுக்கறி 60 கிலோவுக்கு 1,440, கோழி 40 கிலோவுக்கு 240, ஆக 1,680. அந்த 100 கிலோவையும் பனீராக மாற்றினால் 1,500 முதல் 1,800 வரை. மாப்பிள்ளை போட்ட பட்டியலில் பூமிக்கு ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு மேல் நெய்ச்சோறும் ரசமலாயும் வேறு. ஒரு கிலோ நெய்க்கு 25 லிட்டர் பசும்பால் போகிறது. கொழுப்பெடுத்த பால் வேறு பண்டத்துக்குப் போவதால் முழுப் பழியையும் நெய் மேல் போட முடியாது, ஆனாலும் நெய் லேசான பண்டம் இல்லை.

நம் நாட்டில் இது இன்னும் பொருந்தும். 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மாடு 19 கோடிக்கு மேல், எருமை 11 கோடிக்குப் பக்கம், வெள்ளாடு 15 கோடிக்குப் பக்கம், செம்மறி 7 கோடிக்கு மேல். உடம்பும் பெரிது, எண்ணிக்கையும் அதிகம் என்பதால் இந்தியக் கால்நடை மீத்தேனில் பெரும்பங்கு மாடும் எருமையும் விடுவதுதான். அவற்றை நாம் முக்கியமாகப் பாலுக்காகத்தான் வளர்க்கிறோம்.

குளிர்பெட்டி வண்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். உணவால் வரும் மொத்தச் சூட்டில் வண்டிப் போக்குவரத்தின் பங்கு 6 சதவீதம் போலத்தான்.

கிடைக்காரர் வீட்டுப் பிள்ளை

ஆட்டுக்கறிக்குப் போட்ட அந்த 24 மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எங்கள் அப்பா இளையான்குடிப் பக்கம் செம்மறி வைத்திருந்தவர். அறுப்பு முடிந்ததும் கீதாரிகளோடு, அதாவது மந்தை ஓட்டும் மேய்ப்பர்களோடு, தஞ்சாவூர், திருவாரூர் வரை ஆட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். பகலில் அறுத்த நெல்லின் தாளில் மேயும், ராத்திரி வயலிலேயே அடைத்துக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அந்த மண்ணிலேயே விழும். அதற்கு வயல்காரர் பணமோ நெல்லோ கொடுப்பார். கிடை போட்ட வயலுக்கு அந்தப் போகம் யூரியா கை நிறைய அள்ளிப் போட வேண்டியதில்லை. யூரியா செய்ய எவ்வளவு எரிவாயு எரிகிறது, போட்ட பிறகு மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற சூடேற்றும் வாயு எவ்வளவு கிளம்புகிறது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

எங்கள் ஆட்டுக்காக யாரும் காட்டை வெட்டவில்லை. கோடையில் அது தின்பது சீமைக்கருவேல நெற்று. பிராய்லர் கோழிக்கு 6 என்று பாராட்டுகிறீர்கள். அது தின்பது மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். சோயா மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் நல்ல விளைநிலத்தில் விளைந்து வருகிறது. மனிதன் தின்னக்கூடியதைத் தின்று வளர்வதும், மனிதன் தின்ன முடியாததைத் தின்று வளர்வதும் ஒன்றா?

கல்லல் வேளாண்மை

அண்ணே, நிலத்திலும் உரத்திலும் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். கோழிக்குப் பின்னால் ஒரு வயல் இருக்கிறது, உங்கள் ஆட்டுக்குப் பின்னால் அது இல்லை. காடழித்துப் புல்வெளி ஆக்கிய வெளிநாடுகளின் ஆட்டோடு நம் ஆட்டைச் சேர்த்து நிறுத்துவது நியாயமில்லைதான்.

ஆனால் மீத்தேன் தனி வழக்கு. நம்மைப் போன்ற நாடுகளுக்கு ஐ.நா.வின் காலநிலை அறிஞர் குழுவான ஐ.பி.சி.சி. போட்டிருக்கும் பொதுக் கணக்கு, தலைக்கு வருடத்துக்கு 5 கிலோ மீத்தேன். 28 மடங்கு போட்டால் 140. ஒரு வயது ஆட்டில் 12 கிலோ கறி விழுகிறது என்று வைத்தால் கிலோவுக்கு 12 வருகிறது. தாயாடு வருடத்துக்கு இரண்டு குட்டி போட்டால் அதன் பங்கு இன்னொரு 6. ஆக வயிற்றிலிருந்து மட்டுமே 18. மேய்ச்சல் ஆடு என்பதால் இது குறைவதில்லை. காய்ந்த தாளும் நார்ப்புல்லும் தின்றால் கொஞ்சம் கூடவே செய்யும். ஒரு ஆறுதல், மீத்தேன் 12 வருடம் போலத்தான் காற்றில் தங்கும். மந்தை பெருகாமல் அதே அளவில் இருந்தால் புதிதாக ஏறும் சூடு அதிகம் இல்லை. நிலக்கரி, பெட்ரோல் புகை அப்படியல்ல, காற்றில் சேர்ந்துகொண்டே போகும்.

ஊரணிக்கரை

ஒரே ஒரு கேள்வி. மாப்பிள்ளையும் அவர் சிநேகிதர்களும் அமெரிக்காவிலிருந்து நீந்தியா வருகிறார்கள்? போய்வர ஆளுக்கு ஒரு டன்னுக்குக் குறையாமல் புகை. பத்துப் பேர் வந்தால் அக்காவின் 60 கிலோ ஆட்டுக்கறி எந்த மூலைக்கு?

கல்லல் வேளாண்மை

சிரித்தேன். கணக்கும் சரிதான். ஆனால் விமானம் பறக்கிறது என்பதற்காகச் சட்டியைப் பார்க்கக் கூடாதா என்ன? உலகம் முழுக்கக் கால்நடை வளர்ப்பால் வருவது, மனிதனால் வரும் மொத்தச் சூட்டில் 14.5 சதவீதம் என்று 2013இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு கணக்குச் சொன்னது. சின்னப் பங்கில்லை.

தேவகோட்டை ஆயா

எண்ணெல்லாம் எனக்கு ஏறாது அப்பா. சமையல்கார அக்காவுக்கு மட்டும் சொல்கிறேன்.

பனீர் நம் சமையலே இல்லை. சைவம் என்றதும் ஏன் பனீருக்கு ஓடுகிறீர்கள்? வாழைப்பூக் கோலா இருக்கிறது. துவரம்பருப்பை ஊறவைத்துக் கரகரவென்று அரைத்து, சோம்பு தூக்கலாகப் போட்டு, பொட்டுக்கடலை மாவு கொஞ்சம் சேர்த்து உருட்டினால் கறிக் கோலாவைத் தின்றவனும் இரண்டாவது கேட்பான். பருப்புருண்டைக் குழம்பு வையுங்கள். தையில் பச்சை மொச்சை வந்துவிடும், அரிசி கழுவிய தண்ணீரில் மண்டி வையுங்கள். நெய்ச்சோற்றுக்குப் பதில் தேங்காய்ப்பால் சோறு. இனிப்புக்கு ரசமலாய் எதற்கு, உளுத்தமாவில் கும்மாயம் கிண்டுங்கள். அதில் நெய்யைக் குறைத்து நல்லெண்ணெய் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? (எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டேன்.)

பங்குனி, சித்திரை என்றால் கண்மாய் மீன் வாங்கச் சொல்வேன். தண்ணீர் வற்றும்போது ஊத்தா என்ற கூடையை வைத்துப் பிடிக்கிற கெண்டைக்கும் விராலுக்கும் தீவனச் செலவு ஏது? தையில் கண்மாய் நிறைந்து கிடக்கும், அதற்கு வழியில்லை.

கோட்டையூர் சமையல்காரி

எல்லாருக்கும் நன்றி. கல்லல் தம்பி போட்ட கணக்கை அப்படியே மாப்பிள்ளைத் தம்பிக்கு அனுப்பினேன். பனீர் விஷயம் அவர் யோசிக்காத ஒன்று போல. ராத்திரியே கூப்பிட்டார், ஒரு மணி நேரம் பேசினோம்.

முடிவானது இது. உப்புக்கறி போய்விட்டது. எலும்புக் குழம்பை எடுத்தால் பெரியவர்கள் பந்தியிலிருந்து எழுந்துவிடுவார்கள், அதனால் ஆட்டுக்கறி 20 கிலோவுக்கு நிற்கிறது. கோலா முழுக்க வாழைப்பூ. மிளகுக் கோழி அப்படியே. மொச்சை மண்டி, பருப்புருண்டைக் குழம்பு புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 20 கிலோ ஆட்டுக்கு 480, கோழிக்கு 240, ஆக 720. பருப்பு, மொச்சைக்கெல்லாம் சேர்த்து இன்னும் கொஞ்சம் வைத்தாலும் பழைய கணக்கில் பாதியைத் தொடாது. மாப்பிள்ளையின் அம்மா காளான் ஒழிந்தது என்ற சந்தோஷத்தில் மற்றதைக் கேட்கவே இல்லை. ரசமலாய் மட்டும் இன்னும் இழுபறியில் இருக்கிறது, அது மணப்பெண்ணின் ஆசையாம். அதில் நான் தலையிட மாட்டேன்.

கிடைக்காரர் வீட்டுத் தம்பி கோபிக்க வேண்டாம். அந்த 20 கிலோவையும் பிராய்லர் மாதிரி அடைத்து வளர்த்ததாக இல்லாமல் மேய்ச்சல் ஆடாகவே வாங்கப்போகிறேன். ருசியும் அதில்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். அரிசிக்கு 4 என்று போட்டிருக்கிறீர்களே, நெல் என்ன அசைபோடுகிறதா?

கல்லல் வேளாண்மை

வயல் அசைபோடுகிறது அக்கா. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று போகாது. அங்கே மக்கும் தாளிலிருந்து, மாட்டு வயிற்றில் நடப்பது போலவே நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்கும். தண்ணீரைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சினால், அதாவது காய்ச்சலும் பாய்ச்சலுமாகச் செய்தால் நன்றாகக் குறையும். நம் சிவகங்கைப் பக்கம் புழுதியில் விதைத்து மழைக்குக் காத்திருக்கும் நெல் டெல்டா நெல்லை விட இதில் மேல். வருடம் முழுக்கத் தண்ணீர் நிற்க நமக்கு வாய்க்கவும் இல்லை.

அதைவிட முக்கியம், மிச்சம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உணவு வீணாவதால் மட்டும் உலகச் சூட்டில் 8 முதல் 10 சதவீதம் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்கிறது. மண்டபத்துக் குப்பையில் கொட்டிய சோறு மக்கினாலும் மீத்தேன்தான். 400 என்று சொல்லி 300 பேர் வந்தால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண்.

கோட்டையூர் சமையல்காரி

அது சரி. அழைப்புக் கணக்கில் எப்போதும் நூறு கூட்டித்தான் சொல்வார்கள், எனக்கும் தெரியும். முதல் பந்தி தலையை எண்ணிவிட்டு இரண்டாவது உலை ஏற்றுவதுதான் என் வழக்கம். எச்சில் இலை பக்கத்துத் தெரு ஆட்டுக்காரருக்குப் போய்விடும்.

கடைசியாக ஒரு உதவி. வாழைப்பூ குறைந்தது அறுபது வேண்டும், நாட்டுப் பூவாக, ஒரே நாளில். திருப்பத்தூர், புதுக்கோட்டைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள். முந்தின நாள் மத்தியானம் உட்கார்ந்து பூவுக்குள் இருக்கும் நரம்பை, அதாவது கள்ளனை எடுத்து ஆய்ந்து கொடுக்க நாலு பெண்களும் வேண்டும். கூலியும் சாப்பாடும் உண்டு. கையில் கறை படியும், நல்லெண்ணெய் நான் தருகிறேன்.