எழுத்தில் மட்டும் எல்லாரும் ஏன் சிடுசிடுக்கிறார்கள்?

கேள்வி:
நேரில் சாதாரணமாகப் பேசுகிறவர்கள்கூட எழுத்தில் கடுகடுவென்று தெரிகிறார்கள். "ஆதாரம் இருக்கா?" என்றாலே சண்டைக்கு இழுப்பதுபோல் இருக்கிறது. நிஜக் கோபமா, நாம் வாசிக்கும் விதமா?

பதில் 1:
முதலில் வாசிப்பைச் சந்தேகியுங்கள். 2005இல் ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி குழுவினர் வெளியிட்ட சோதனை ஒன்று: மின்னஞ்சலில் எழுதியது கிண்டலா நிஜமா என்பதை வாசிப்பவர் 78% சரியாகப் பிடிப்பார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். பிடிபட்டது 56%. பூவா தலையா போட்டாலே 50 வரும்! எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலிக்கிறது. எழுத்தோடு அது போய்ச் சேர்வதில்லை.

பதில் 2:
தமிழில் "இருக்கா?" என்பதில் வரும் அந்தக் கேள்வி "-ஆ"வும் குழப்பும். "படிச்சீங்களா?" என்பது இயல்பாகக் கேட்டால் விசாரிப்பு, இழுத்தால் குத்தல். காரணத்தையும் சேர்த்துவிடுங்கள்: "இதை எங்கே பார்த்தீங்க? நானும் வாசிக்கணும்." ஆனால் "நீங்க" என்று தொடங்கியவர் பாதியில் "நீ"க்கு இறங்கினால், அது வாசிப்புப் பிழை இல்லை.

பதில் 3:
நிஜக் கோபத்துக்கும் காரணம் உண்டு. உளவியலாளர் ஜான் சூலர் 2004இலேயே பட்டியலிட்டார்: அடையாளம் மறைவது, ஒருவரையொருவர் பார்க்காதது, பதில் தாமதமாக வருவது என்று. எதிராளியின் முகம் வாடுவது தெரியாததால் பிரேக் விழுவதில்லை. சொந்தப் பெயரில் எழுதுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல.

அனுப்புமுன் எழுதியதை அரைமணி நேரம் கிடப்பில் போட்டு, இருப்பதிலேயே எரிச்சலான குரலில் சத்தமாக வாசியுங்கள். "நீங்க தப்பா கணக்கு போட்டிருக்கீங்க" என்பதை "மூணாவது வரியில கணக்கு இடிக்குது" என்று மாற்றுங்கள். தவறு அதேதான், ஆள்மேல் பாயவில்லை.