ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடு, 2 வருஷ பாண்ட் போடு என்கிறார்கள்: சேரலாமா?

தேனிக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். இந்த வருஷம்தான் பி.எஸ்சி. நர்சிங் முடித்தேன். நர்சிங் கவுன்சில் பதிவும் வந்துவிட்டது. போன வாரம் கோயம்புத்தூரில் 300 படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வாக்-இன் போனேன். பெரிய ஹாலில் உட்கார வைத்து ஒரு அப்ஜெக்டிவ் பேப்பர் கொடுத்தார்கள், அப்புறம் நர்சிங் சூப்பரின்டெண்ட் மேடம் கொஞ்ச நேரம் பேசினார். அனாஃபிலாக்ஸிஸ் (உயிருக்கு ஆபத்தான கடும் அலர்ஜி) வந்தால் முதல் மருந்து என்ன, எந்த வழியில் கொடுப்பாய் என்று கேட்டார், அட்ரினலின் ஐ.எம்., அதாவது தசையில் ஊசி என்றேன், சரி என்று தலையாட்டினார். அதுவரை நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு எச்.ஆர். ரூம். மாதம் 18,000 சிடிசி (எனக்காக ஆஸ்பத்திரி செய்கிற மொத்தச் செலவு), ஹாஸ்டல் உண்டு, 2 வருஷம் பாண்ட், நடுவில் போனால் ஒரு லட்சம் கட்டணும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, கவுன்சில் பதிவு எல்லாமே ஒரிஜினலாக ஜாயினிங் அன்றே கொடுத்துவிட வேண்டுமாம். ஆஃபர் லெட்டர் கேட்டதற்கு அதுவும் ஜாயினிங் அன்றுதானாம். எந்த வார்டு என்று கேட்டால் "வந்ததும் சொல்வோம்". கல்யாணம் எப்போது என்று வேறு கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லவில்லை என்றால் வேறு ஆளை எடுத்துவிடுவார்களாம். வீட்டில் கல்விக்கடன் இருக்கிறது, அப்பா கிடைத்ததை விடாதே என்கிறார். எனக்கு ஒரிஜினலைக் கொடுக்கத்தான் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஐசியூ அக்கா:
தங்கச்சி, ஒரிஜினலை மட்டும் கொடுக்காதே. சரிபார்க்க வேண்டும் என்றால் உன் கண் முன்னால் பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், நீ கையெழுத்துப் போட்ட நகலை வைத்துக்கொள்ளட்டும். ஒரிஜினலைப் பூட்டி வைத்துக்கொள்ள எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமை கிடையாது. டாக்டர்கள் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமே சர்டிபிகேட் ஒன்றும் விற்கிற சரக்கு இல்லை, அதைப் பிடித்து வைக்க முடியாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் நடைமுறை என்ன என்றால், கொடுத்துவிட்டால் நீதான் அலைய வேண்டும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் சரி, எம்ஆர்பி (அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிற தேர்வு வாரியம்) வேலைக்குச் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டாலும் சரி, அவர்கள் அலமாரியைத் திறந்தால்தான் உண்டு.

சம்பளத்தையும் ஒழுங்காகக் கணக்குப் போடு. சிடிசி என்பது கைக்கு வருகிற காசு இல்லை. அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வை, ஆஸ்பத்திரி கட்டுகிற பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 520 இரண்டும் அந்த 18,000க்கு உள்ளேயே இருக்கும். மிச்சம் சுமார் 16,000. அதில் உன் பங்கு பிஎஃப் 1,440, இஎஸ்ஐ 120 போகும். அப்புறம் ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் 3,000 பிடித்தால் கையில் பதினோராயிரத்துச் சொச்சம். ஹாஸ்டல் உண்டு என்றார்களே தவிர, இலவசம் என்றார்களா? கேட்டுப் பார்.

இதில் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா, 2016ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான சின்ன ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு 20,000க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் அரசு நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்கணும் என்று பரிந்துரைத்தது. 300 படுக்கைக்காரர்கள் இன்னும் 18,000 பேசிக்கொண்டிருக்கிறார்கள். பரிந்துரைதானே, யார் கேட்பது.

அந்தப் பக்கம் இருந்தவன்:
சில வருஷம் ஒரு ஆஸ்பத்திரி எச்.ஆர்.ல் நர்சிங் ஆள் எடுக்கிற வேலை பார்த்தேன், அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக் கெடுவை நம்பாதீர்கள். மாதா மாதம் "ஸ்டாஃப் நர்ஸ் தேவை" என்று விளம்பரம் போடுகிற இடத்தில் இடம் எங்கே காலியாகாமல் போகப்போகிறது? எங்களுக்கு மாதத்துக்கு இத்தனை பேர் ஜாயின் ஆகணும் என்று மேலே இருந்து நெருக்குவார்கள். ஒரு பேட்ச் பெண்கள் வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்டால் வார்டில் பாதிப் பேர்தான் இருப்பார்கள், சூப்பரின்டெண்ட் தினமும் போன் போட்டுக் கத்துவார். அந்த அவசரம் எங்கள் அவசரம், உங்களுடையது இல்லை.

எச்.ஆர்.காரருக்கு வார்டு நிலவரம் உண்மையிலேயே தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைட்டில் ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட் என்று கேட்டால் பாலிசியில் இருப்பதைத்தான் ஒப்பிப்பார். அதை அவரிடம் கேட்காதீர்கள். காலையில் நைட் டியூட்டி முடிந்து ஹேண்ட் ஓவர் கொடுத்துவிட்டு வெளியே வருவார்களே, அந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் போய் நில்லுங்கள். எத்தனை பேஷண்ட் பார்த்தாய், வீக்லி ஆஃப் ஒழுங்காக வருகிறதா, டபுள் டியூட்டி பார்த்தால் காசா, இல்லை பதிலுக்கு லீவா (காம்ப் ஆஃப்), சம்பளம் எத்தனாம் தேதி விழுகிறது, இதை மட்டும் கேட்டால் போதும். புதிதாகச் சேரப்போகிறேன் என்றால் எந்த நர்ஸும் மறைக்க மாட்டார்.

கல்யாணக் கேள்விக்கு "இப்போதைக்கு அந்தப் பேச்சு இல்லை சார்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள். கேட்கக் கூடாத கேள்விதான். ஆனால் அங்கே உட்கார்ந்து சண்டை போட்டால் வேலை போகும், கேள்வி போகாது.

கேத்லேப் பிரதர்:
பாண்ட் என்றாலே எல்லாரும் திட்டுவார்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். பாண்ட் போட்டுத்தான் நானும் சேர்ந்தேன். சேர்ந்த இடம் கார்டியாக் பக்கம், ஐஏபிபி (இதயத்துக்கு உதவுகிற பலூன் பம்ப்), டெம்பரரி பேஸ்மேக்கர் எல்லாம் கையில் தொட்டுக் கற்றுக்கொண்டேன், பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்கிற உயிர்காப்புப் பயிற்சிகளுக்கு அவர்களே செலவு செய்து அனுப்பினார்கள். அந்த அனுபவத்துக்கு அடுத்த இடத்தில் சம்பளமே வேறு. அதனால் எந்த வார்டு, என்ன பயிற்சி என்று பார்த்துவிட்டுப் பாண்ட் போடு. ஜெனரல் வார்டில் ஃபைல் சுமக்க வைத்துவிட்டு ஒரு லட்சம் கேட்டால் அது பாண்ட் இல்லை, பிணைக்கைதி.

அந்த ஒரு லட்சத்துக்கும் பயந்து சாகாதே. ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி கோர்ட்டுக்குப் போனாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், அந்தத் தொகை மேல் வரம்பு மட்டும்தான். உனக்காக என்ன செலவு செய்தோம் என்று அவர்கள் காட்ட வேண்டிவரும்.

மஸ்கட்டில் இருந்து:
பிரதர் சொன்னது சரி, ஆனால் அதை நம்பிச் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிடாதே தங்கச்சி. நாளைக்கு வளைகுடாவுக்கு வரணும் என்றால் டேட்டாஃப்ளோ என்கிற நிறுவனத்தின் சான்றிதழ், அனுபவச் சரிபார்ப்பு உண்டு. அவர்கள் உன் பழைய ஆஸ்பத்திரிக்கே மெயில் போட்டு, இவர் இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரை வேலை பார்த்தாரா என்று கேட்பார்கள். அங்கே "அப்ஸ்காண்டிங்" (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று எழுதி வைத்திருந்தால் பார்த்த அனுபவம் அத்தனையும் வீண். நோட்டீஸ் கொடுத்து, ரிலீவிங் ஆர்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வரணும். சம்பளம் பேங்கில் வருகிறதா, பிஎஃப் கட்டுகிறார்களா என்று பார்ப்பதும் இதற்குத்தான். பிஎஃப் பாஸ்புக் அசைக்க முடியாத சாட்சி. கையில் கவர் கொடுக்கிற இடத்துக்குப் போகவே போகாதே.

"இங்கே 2 வருஷம் இரு, நாங்களே வெளிநாடு அனுப்புகிறோம்" என்று சில இடங்களில் ஆசை காட்டுவார்கள். அனுப்புவதற்கு லைசென்ஸ் வேண்டும். மத்திய அரசின் இமைகிரேட் தளத்தில் ஏஜென்ட் பெயர் இருக்கிறதா என்று பார். சர்வீஸ் சார்ஜ் 30,000மும் அதற்கு ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், லட்சக்கணக்கில் கேட்டால் திருடன். ஓமான், சவூதி, குவைத் மாதிரி நாடுகளுக்கு 2015ல் இருந்து நர்ஸுகளுக்கு எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (வேலைக்குப் போக மத்திய அரசு தருகிற அனுமதி) கட்டாயம், பாஸ்போர்ட்டில் அந்த அனுமதி தேவையில்லை என்கிற ஈசிஎன்ஆர் இருந்தாலும் சரி. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற தமிழ்நாடு அரசு நிறுவனம் ஓஎம்சிஎல் சென்னையில் இருக்கிறது, அவர்கள் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இரு.

தேனிக்காரி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டீக்கடைக்குப் போனேன்! இரண்டு அக்காக்கள் பேசினார்கள். மெடிக்கல் வார்டில் நைட்டுக்கு ஒருத்தருக்குப் பன்னிரண்டு பேஷண்ட் வரை வருமாம், ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு பேஷண்ட். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது என்றார்கள். ஒரிஜினலைக் கேட்டுக் கேட்டு அழுத்துவார்களாம், கொடுக்காமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்களாம்.

அந்தத் தைரியத்தில் எச்.ஆர்.க்குப் போன் செய்து, ஐசியூ போஸ்டிங் என்றால் சேர்கிறேன், ஒரிஜினல் காட்டிவிட்டு எடுத்துக்கொள்வேன் என்றேன். முதலில் முடியாது என்றார்கள். சாயங்காலம் அவர்களே கூப்பிட்டு, சரிம்மா ஐசியூ பார்க்கலாம், ஒரிஜினல் வேண்டாம், பாண்ட் ஒரு வருஷம் போட்டுக்கலாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை தாண்டி இரண்டு நாள் ஆகிவிட்டது என்பது வேறு விஷயம் 😄

ஐசியூ அக்கா:
"பார்க்கலாம்" என்பதை நம்பி பஸ் ஏறாதே. போனில் பேசிய மூன்றையும் நீயே மெயிலாக எழுதி அனுப்பு, "இன்று பேசியபடி ஐசியூ போஸ்டிங், ஒரு வருஷ பாண்ட், ஒரிஜினல் ஒப்படைக்கத் தேவையில்லை, உறுதி செய்யவும்" என்று. பதில் வந்த பிறகு பெட்டியைக் கட்டு. பாண்ட் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது தொகை, தேதி எதையும் காலியாக விட்டிருக்கிறார்களா என்று பார், போட்ட பேப்பருக்கு ஒரு நகல் கேட்டு வாங்கு. பிளாங்க் செக் கேட்டால் கொடுக்காதே.

தேனிக்காரி:
மெயில் அனுப்பிவிட்டேன் அக்கா. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.