பிரான்ஸின் பிரெஃபெக்ட்: சட்டத்தின் காவலரா, அமைச்சரின் ஆளா?

அலுமினியச்சட்டி:
பிரான்ஸில் மாவட்டந்தோறும் மத்திய அரசின் பிரதிநிதியாக இருக்கும் பிரெஃபெக்ட் பதவியை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. 2023 ஏப்ரலில், ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்திய கோபத்தில், மக்ரோன் போகிற ஊரெல்லாம் மக்கள் சட்டி பானையைத் தட்டினார்கள். எரோ மாவட்டத்தில் கான்ஜ் என்ற சின்ன ஊருக்கு அவர் வருகிறார் என்றதும், கையில் எடுத்துச் செல்லும் ஒலிக்கருவிகளுக்குத் தடை என்று பிரெஃபெக்ட் ஆணை போட்டார். ஜாந்தார்ம்கள் (கிராமப்புறப் போலீஸ்) சட்டிகளைப் பிடுங்கினார்கள். இந்த ஆளை யாரும் ஓட்டுப் போட்டு அனுப்பவில்லை. புதன்கிழமை அமைச்சரவையில் ஜனாதிபதி ஆணையால் நியமிக்கப்படுகிறவர். இன்னொரு புதன்கிழமை அதே மாதிரி வீட்டுக்கும் போகலாம். வேலைநிறுத்த உரிமைகூடக் கிடையாது. இப்படிப்பட்டவர் வேறு யாருக்கு விசுவாசமாக இருப்பார்?

நீர்க்கரை:
கதையைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். சில நாளில் மக்ரோன் வாந்தோமுக்குப் போனார். அந்த ஊர் இருக்கும் லுவார்-எ-ஷேர் மாவட்டத்தின் பிரெஃபெக்ட் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை வைத்துப் பாதுகாப்பு வளையம் போட்டார். ஓர்லியான் நிர்வாக நீதிமன்றம் அன்றே அதை நிறுத்தி வைத்தது. பிரெஃபெக்டுக்கு மேலேயும் ஒரு தடுப்பு இருக்கிறது, அது வேலையும் செய்கிறது.

வழிப்போக்கன்:
குறுக்கே ஒரு சந்தேகம். ஊருக்கு மேயர் இருக்கிறார், மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த சபை இருக்கிறது. அப்புறம் இவர் எதற்கு?

நீர்க்கரை:
நல்ல கேள்வி. 1800இல் நெப்போலியன் உருவாக்கிய பதவி இது. 1982 வரை மாவட்டச் சபையின் தீர்மானங்களை நிறைவேற்றும் தலைவரே பிரெஃபெக்ட்தான். ஊராட்சிகளின் முடிவுகளையும் முன்கூட்டியே தடுத்து வைக்கலாம். அந்தக் காலத்துப் பிரெஃபெக்டை ஒழிக்க வேண்டும் என்றால் நானும் உங்கள் பக்கம் நின்றிருப்பேன். 1982 மார்ச் 2ஆம் தேதியிட்ட தெஃபேர் சட்டம் அதை மாற்றியது. மாவட்ட நிர்வாகம் சபைத் தலைவர் கைக்குப் போனது. மேயர் போடும் முக்கிய ஆணைகள் பிரெஃபெக்டிடம் வரும். சட்டத்துக்குப் புறம்பாகத் தெரிந்தால் இரண்டு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். அவராகவே ரத்து செய்ய முடியாது.

பிரான்ஸில் ஏறக்குறைய 35,000 ஊராட்சிகள். பலவற்றில் சில நூறு பேர்தான். ஒரு மேயர் தன் மைத்துனனுக்கு வீடு கட்ட அனுமதி கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் வழக்குப் போடுவாரா? நாளைக்கும் அவர் முகத்தில்தானே விழிக்க வேண்டும். குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீடுகளையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரும்பாலான நகர்ப்புற ஊராட்சிகளில் 20 அல்லது 25 சதவீதம் சமூக வீடுகளாக இருக்க வேண்டும். நெய்யி மாதிரிப் பணக்கார ஊர்கள் ஆண்டுக்கணக்கில் அபராதத்தைக் கட்டிவிட்டு இருந்தன. அப்படிப்பட்ட ஊரில் வீட்டுக்கான அனுமதி அதிகாரத்தையே மேயரிடமிருந்து எடுத்துக்கொள்ள பிரெஃபெக்டால்தான் முடியும். ஓட்டு வாங்க வேண்டிய யாரும் அந்த வேலையைத் தொடமாட்டார்கள்.

அலுமினியச்சட்டி:
'அனுப்பலாம்' என்றீர்களே, என் சண்டையே அந்த இடத்தில்தான். அனுப்பியே ஆக வேண்டும் என்றில்லை. உச்ச நிர்வாக நீதிமன்றமே 1991இல் அதை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விளைவைப் பாருங்கள். 2016 கோடையில் வில்நெவ்-லூபே உட்படக் கடற்கரை ஊர்கள் பல புர்கினியை (உடல் முழுவதையும் மூடும் நீச்சலுடை) தடை செய்தன. அடிப்படை உரிமை மீறல் என்று அந்த ஆணையை உச்ச நிர்வாக நீதிமன்றம் ஆகஸ்ட் 26 அன்று நிறுத்தியது. வழக்கை அங்கே கொண்டுபோனது பிரெஃபெக்டா? இல்லை. மனித உரிமைக் கழகமும் இன்னொரு சங்கமும்.

2022இல் கிரனோபிள் நகரம் நேர்மாறாக, நீச்சல்குளத்தில் புர்கினிக்கு இடம் கொடுத்தது. உள்துறை அமைச்சர் தர்மனான் வெளிப்படையாகவே எதிர்த்தார், நீதிமன்றம் போகும்படி பிரெஃபெக்டுக்குச் சொன்னார். பிரெஃபெக்ட் போனார். மே மாதமே நிர்வாக நீதிமன்றம் அந்த விதியை நிறுத்தி வைத்தது, ஜூன் 21இல் உச்ச நிர்வாக நீதிமன்றமும் அதை ஒத்துக்கொண்டது. கிரனோபிள் தீர்ப்பு சரியா தவறா என்று நான் பேசவில்லை. சட்டத்தின் காவலர் ஒரு பக்கம் கண்ணை மூடிக்கொண்டு மறுபக்கம் அமைச்சர் சொன்னதும் ஓடுகிறார் என்கிறேன்.

ரசீதுக்காரன்:
அண்ணைமார் பெரிய இடத்துக் கதை பேசுகிறீர்கள். பாரிஸ் பக்கம் இருக்கிற எங்கட ஆக்களுக்குப் பிரெஃபெக்சர் (பிரெஃபெக்டின் அலுவலகம்) என்றால் வதிவிட அட்டைதான். அட்டை முடியப்போகிறது, இணையத்தில் விண்ணப்பம் போட்டாயிற்று, பதில் இல்லை, தற்காலிகத் தாளும் வரவில்லை, முதலாளி வேலையை விட்டு நிற்கச் சொல்கிறார். இது எனக்கே நடந்தது. நாட்டை விட்டு வெளியேறு என்ற ஆணையில் இருப்பதும் பிரெஃபெக்டின் பெயர்தான்.

சட்டி அண்ணை சொல்வதற்கு இன்னொரு ஆதாரமும் தருகிறேன். பேப்பர் இல்லாமல் உணவகங்களில் வேலை செய்பவர்களுக்கு 2012இல் உள்துறை அமைச்சராக இருந்த வால்ஸ் அனுப்பிய சுற்றறிக்கைதான் நம்பிக்கையாக இருந்தது. ஐந்து வருடம் இருந்ததையும் சம்பளச் சீட்டையும் காட்டினால் அட்டை கொடுப்பதைப் பற்றிப் பிரெஃபெக்ட் யோசிப்பார். 2025 ஜனவரியில் அப்போதைய உள்துறை அமைச்சர் ரெத்தையோ அதை எடுத்துவிட்டு ஏழு வருடத்தை அளவாகச் சொன்னார். நாடாளுமன்றத்தில் ஒரு ஓட்டுக்கூட இல்லை, அமைச்சர் பிரெஃபெக்டுகளுக்கு எழுதிய சில பக்கங்கள், அவ்வளவுதான்.

நீர்க்கரை:
தம்பி, உங்கள் நிலைமை கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் பிரெஃபெக்டை எடுத்துவிட்டால் அந்த ஏழு வருடம் ஐந்தாகுமா? அதே சுற்றறிக்கை பாரிஸில் ஏதோ ஒரு இயக்குநரகத்துக்குப் போகும். மாவட்டத்தில் ஒரு ஆள் இருப்பதால்தான் வக்கீலோ சங்கமோ உள்ளூர் எம்.பி.யோ போய்ப் பேச ஒரு வாசல் இருக்கிறது. 2020 மார்ச்சில் சந்தைகளை எல்லாம் மூடச் சொல்லி ஆணை வந்தது. மேயரின் கருத்தைக் கேட்டு, தேவையான இடத்தில் சந்தையைத் திறக்கும் அதிகாரம் பிரெஃபெக்டுக்குக் கிடைத்தது. காய்கறிக்கு வேறு வழியில்லாத கிராமம் எது என்று பாரிஸில் உட்கார்ந்து யாருக்குத் தெரியும்?

ஷார்த்ரவாசி:
எங்கள் ஊர்ப் பெயர் வராமல் இந்த விவாதம் முடியக்கூடாது. 1940 ஜூனில் இங்கே ஷார்த்ரில் பிரெஃபெக்டாக இருந்தவர் ழான் மூலன். செனகல் படைவீரர்கள் மேல் பொய்ப்பழி சுமத்தும் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி ஜெர்மானியர் அடித்தார்கள். போடாமல் தன் கழுத்தையே அறுத்துக்கொண்டார். உயிர் பிழைத்தது அதிர்ஷ்டம். எல்லாப் பிரெஃபெக்டும் எசமான் சொல்படி ஆடுகிறவர்கள் அல்ல.

அலுமினியச்சட்டி:
மூலனை வணங்குகிறேன். அதே ஆண்டு நவம்பரில், ஜெர்மானியரோடு ஒத்துப்போன விஷி அரசு அவரைப் பதவியிலிருந்து தூக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொரு பக்கம் மோரிஸ் பாப்போன். ஜிரோந்து பிரெஃபெக்சரின் பொதுச்செயலாளராக இருந்தபோது யூதர்களை நாடுகடத்தத் துணைபோனவர். அவர் வேலையில் ஏறிக்கொண்டே போனார். 1961 அக்டோபர் 17இல் அல்ஜீரியர்களைப் பாரிஸில் போலீஸ் கொன்றபோது போலீஸ் பிரெஃபெக்ட் அவர்தான். யூதர்களை நாடுகடத்தத் துணைபோனதற்கான தண்டனை 1998இல்தான் வந்தது. தனிமனிதனின் முதுகெலும்பை நம்பி ஒரு பதவியை வைத்திருக்க முடியாது. அதிலும் 2022 சீர்திருத்தத்தில் பிரெஃபெக்டுகளுக்கென்று இருந்த தனிப் பணிப்பிரிவையே கலைத்துப் பொது நிர்வாகிகளோடு சேர்த்துவிட்டார்கள். இனி அமைச்சரிடம் முடியாது என்று யார் சொல்வார்?

நீர்க்கரை:
அந்தக் கலைப்பு எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் வாதப்படி பார்த்தால் பதவியைப் பலப்படுத்தத்தானே வேண்டும்? ஒழித்தால் நெய்யி மேயருக்குத்தான் கொண்டாட்டம்.

வழிப்போக்கன்:
வெளியாளாக ஒரு யோசனை. சட்ட மீறல் என்று தெரிந்தால் நீதிமன்றத்துக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கிவிட்டால் சண்டை தீருமே?

நீர்க்கரை:
வருகிற ஆணைகள் வருடத்துக்குப் பல லட்சம். 2010க்குப் பிறகு பத்து வருடம் பிரெஃபெக்சர்களில் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இருக்கிறவர்களால் எல்லாவற்றையும் படிக்கவே முடியாது, கட்டாயம் என்று எழுதி வைத்து என்ன பயன்?

அலுமினியச்சட்டி:
கிரனோபிளுக்கு மட்டும் ஆள் கிடைத்ததே. சரி, கட்டாயம் வேண்டாம். யாராவது புகார் கொடுத்தும் அனுப்பவில்லை என்றால் காரணத்தை எழுத்தில் வெளியிடட்டும்.

நீர்க்கரை:
அதற்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். தம்பியின் அட்டைக்கும் அதே விதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இத்தனை நாளில் பதில் இல்லையென்றால் தற்காலிகத் தாள் தானாக வர வேண்டும். பதவி இருக்கட்டும்.