புதுப்பிப்பு: மும்பையில் சிகிச்சைக்கு நடுவே கிறிஸ்துமஸ்

அம்மாவின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கையிருப்பெல்லாம் கரைந்த நிலையில், பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) கொடையாளர்களை எங்கே தேடுவது, பிள்ளைகளுடன் பண்டிகையை எப்படிக் கொண்டாடுவது என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

தாராவியின் தமிழ்ச் சபைகளில் ஆராதனை முடிந்ததும் நேரில் கேளுங்கள் என்ற யோசனையே பலித்தது. பிளேட்லெட்டை ஏறத்தாழ 5 நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது என்பதால், எல்லோரையும் ஒரே நாளில் அழைக்காமல், விடுமுறைக்கு ஊருக்குச் செல்லாதவர்களை முறைவைத்து வரச் சொன்னோம். அண்மையில் ஆஸ்பிரின் உட்கொண்டவர்கள் பிளேட்லெட் கொடுக்க இயலாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. நாங்கள் எதிர்பாராதது, வந்தவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் அல்லர் என்பதுதான். பக்கத்து வீட்டு இஸ்லாமியத் தம்பி தம் நண்பர்களையும் அழைத்து வந்தார்.

புத்தாடைக்கென வைத்திருந்த சிறு தொகையில், புற்றுநோய் மருத்துவமனை இருக்கும் பரேல் பகுதியில் நடைபாதையில் தங்கிச் சிகிச்சை பெறும் குடும்பங்களுக்குப் போர்வைகள் வாங்கிப் பிள்ளைகளே கொடுத்தார்கள். சத்திரத்தில் இடமில்லாததால் மரியாள் குழந்தை இயேசுவை முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) கிடத்தினாள் என்று லூக்கா 2:7 சொல்வதை அன்றுதான் முழு மனத்தோடு விசுவாசித்தேன். அம்மாவுக்குச் சிகிச்சை தொடர்கிறது. அடுத்த சுற்றுக்கான கொடையாளர் பட்டியலும் தயாராக இருக்கிறது.