புதுப்பிப்பு: யுஎஸ்பி வழியாக லைட்டாக் பேசுகிறது (தீர்ந்தது)

உதவிய அனைவருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: சீரியல் போர்ட் இல்லாத கணினியில், லினக்ஸ் கன்சோலில், யுஎஸ்பி அடாப்டரில் மாட்டிய லைட்டாக் (எழுத்தைப் பேச்சாக்கும் வெளிப்புறக் கருவி) ஏன் ஊமையாக இருக்கிறது?

கேபிளைச் சந்தேகிக்கச் சொன்னவர் சொன்னதே சரி. அதில் அனுப்பு, பெறு, எர்த் என மூன்றே கம்பிகள். ஸ்பீக்கப் (லினக்ஸ் கர்னலில் உள்ள திரைவாசிப்பான்) வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாட்டை, அதாவது எதிர்முனை தயாரா என்று தனிக் கம்பியில் பார்த்த பிறகே அனுப்பும் முறையை, தானே இயக்கிவிடும். 8ஆம் பின்னில் சிடிஎஸ் ('அனுப்பலாம்') சிக்னல் வராவிட்டால் ஓர் எழுத்துகூட வெளியே போகாது. ஒன்பது பின்னும் இணைந்த, ஆர்எஸ்-232 (சீரியல் போர்ட் தரநிலை) மின்னழுத்தம் தரும் அடாப்டரும் கேபிளும் போட்டதும் பேச்சு வந்தது. (3.3 வோல்ட் டிடிஎல் அடாப்டர் இதற்கு உதவாது.)

அடுத்தது அமைப்பு. ஸ்பீக்கப்பில் லைட்டாக்கை இயக்கும் எல்டிஎல்கே (ltlk) மாட்யூலுக்கு 'டெவ்' (dev) அளவுருவாக, அடாப்டருக்குக் கர்னல் தரும் பெயரான டிடிஒய்யுஎஸ்பி0 (ttyUSB0) கொடுக்க வேண்டும். பழைய கர்னல்களில் இது நடக்காது, அவை உண்மையான சீரியல் போர்ட்டை நேரடியாகத் தொட்டன. அடாப்டரின் டிரைவர் முதலில் ஏற வேண்டும். வரிசை மாறினால் சாதனம் இல்லை என்று நின்றுவிடும்.

எதிர்பாராதது: யூடெவ் (சாதனங்களுக்குப் பெயர் வைக்கும் லினக்ஸ் நிரல்) வைத்த மாற்றுப்பெயரை ஸ்பீக்கப் ஏற்பதில்லை, கர்னல் தரும் பெயர் மட்டுமே செல்லும். இரண்டு அடாப்டர் மாட்டியிருந்தால் அந்தப் பெயரின் கடைசி எண் மாறக்கூடும்; லைட்டாக்குடையதை மட்டும் மாட்டி பூட் செய்யுங்கள்.