ஹெலனா, டாமா? மார்க்கை எதற்குப் போடுவது?

குச்சிக்கிழங்கு:
ஒரு பஞ்சாயத்து, தீர்த்து வையுங்கள். மகன் படிக்கும் கல்லூரியில் வியாபாரப் போட்டி. அணிக்கு 2,000 ரூபாய் கைமுதல், கோடை விழா சமயத்தில் ஏற்காடு ஏரிப் பக்கம் இரண்டு நாள் விற்க வேண்டும். நடுவர்களில் நானும் ஒருவன். மார்க் ஷீட் தயாரிப்பது என் தலையில் விழுந்துவிட்டது. மாதிரிக்கு இருக்கட்டும் என்று பிரிட்டன் டிவி நிகழ்ச்சி 'அப்ரன்டிஸ்' 2011 சீசனைப் பார்த்தேன். குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

பார்க்காதவர்களுக்கு: 16 பேர், வாரம் ஒரு டாஸ்க். தோற்ற அணியிலிருந்து ஒருவரைத் தொழிலதிபர் ஆலன் சுகர் வீட்டுக்கு அனுப்புவார். முந்தைய சீசன்களில் ஜெயித்தவருக்கு அவரிடம் வேலை. அந்த வருடத்திலிருந்து 2,50,000 பவுண்டு முதலீடு, கம்பெனியில் ஆளுக்குப் பாதி. ஹெலன் மில்லிகன் இருந்த அணி 11 வாரத்தில் 10 வாரம் ஜெயித்தது. டாம் பெல்லரோ பெரும்பாலான வாரம் தோற்ற பக்கம். கடைசியில் பணம் போனது டாமுக்கு! எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. லாபத்துக்கே 80 மார்க் போடலாம் என்றிருக்கிறேன்.

மலைமிளகு:
அநியாயமே இல்லை அண்ணா. டாம் வளைந்த நகத் தேய்ப்பானை அதற்கு முன்பே கண்டுபிடித்து விற்றுக்கொண்டிருந்தவர். ஹெலன் கொண்டுவந்த திட்டம், நேரமில்லாதவர்களின் சில்லறை வேலைகளைச் செய்து தரும் சேவை. சுகர் முகம் சுளித்ததும், அப்படியானால் பேக்கரி போடலாம் என்றார். கடைசி நாளில் கடையையே மாற்றுகிறவரை நம்பி நீங்கள் பணம் போடுவீர்களா?

எங்கள் தோட்டத்தில் காப்பிப் பழம் பறிப்புக்கு கிலோக் கணக்கில் கூலி. சாயங்காலம் எடை போடும்போது ஒருவர் சாக்கு மட்டும் எப்போதும் கனமாக இருக்கும். தரையில் கொட்டிப் பார்த்தால் பாதி பச்சைக்காய். அதைப் பொறுக்கி எடுக்க எனக்குத் தனியாக இரண்டு ஆள் வேண்டும். பத்து வார வெற்றி என்பது தராசு முள் மட்டும்தான்.

செவ்வாய்ப்பேட்டை:
தம்பி, பத்து வாரமும் பச்சைக்காயாகவா இருக்கும்? ஒரு வாரம் அதிர்ஷ்டம், இரண்டு வாரம் அதிர்ஷ்டம், சரி. பத்து வாரம் என்றால் அந்தப் பெண்ணிடம் சரக்கு இருக்கிறது.

முப்பது வருடமாகக் கொலுசு வியாபாரம் செய்கிறேன். பட்டறையில் புது டிசைன் போடத் தெரிந்தவர்கள் கூலிக்குக் கிடைக்கிறார்கள். அதை விஜயவாடாவுக்கு எடுத்துப் போய், கடைக்காரர் முன்னால் கொட்டி, செய்கூலியில் ஐந்து பைசா விடாமல் ஆர்டர் பிடித்து வருகிற பையன் கிடைப்பதில்லை. நான் சுகராக இருந்தால் ஹெலனை எடுத்துக்கொண்டு, பொருளை வெளியே தேடியிருப்பேன்.

தட்டுவடை செட்:
இரண்டு பேருமே டிவியை அப்படியே நம்புகிறீர்களே! ஜெயித்தது ஹெலன் இருந்த அணி. அதில் ஹெலனுடைய பங்கு எவ்வளவு? நாள் கணக்கில் எடுத்ததை ஒரு மணி நேரத்துக்கு வெட்டி ஒட்டியவருக்குத்தான் அது தெரியும்.

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் கடைக்கு வந்து பாருங்கள். முன்னால் நிற்கும் பையன் தட்டுவடையை அடுக்கி, சிவப்பும் பச்சையும் சட்னி தடவி, கேரட் பீட்ரூட் துருவல் வைத்து, மேலே இன்னொரு தட்டுவடை மூடி, "அக்கா, காரம் போதுமா?" என்று நீட்டுவான். கூட்டம் அவனுக்குத்தான். பின்னால் ஒரு அம்மா மதியம் இரண்டு மணியிலிருந்து துருவிக்கொண்டே இருப்பார். அவர் வராத அன்று ஏழு மணிக்கெல்லாம் கடையை மூட வேண்டியதுதான். கேமரா வந்தால் யாரைப் படம் பிடிக்கும்?

குச்சிக்கிழங்கு:
அக்கா சொன்னது உறைக்கிறது. எங்கள் சேகோ (ஜவ்வரிசி) மில்லுக்கு மரவள்ளிக் கிழங்கு லோடு வந்தால் ஸ்டார்ச் பாயிண்ட், அதாவது மாவுச்சத்து அளவு, பார்த்துத்தான் விலை. மழைக்குப் பிறகு பிடுங்கினால் பாயிண்ட் இறங்கும். விவசாயி பத்து மாதம் ஒழுங்காகப் பார்த்த கிழங்குதான், ஆனாலும் காசு குறைகிறது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. ஏற்காட்டிலும் அப்படித்தானே? பனி இறங்கினால் சூப் விற்ற அணி ராஜா, ஜூஸ் போட்ட அணி காலி. ஆனால் லாபத்தை விட்டால் வேறு எதை அளப்பது?

செவ்வாய்ப்பேட்டை:
மே மாதத்தில் மலையில் சாயங்காலம் குளிரும் என்று தெரியாமல் ஜூஸ் போட்டவனுக்கு மார்க் எதற்கு? அதுவும் வியாபார அறிவுதான்.

வேண்டுமானால் ஆளை மேய்க்கும் திறமைக்கு மார்க் வையுங்கள். அமெரிக்க அப்ரன்டிஸ் முதல் சீசன், 2004. இறுதிச் சுற்றில் குவாமி ஜாக்சன் அணியில் ஓமரோசா என்ற பெண் பொய் சொன்னார். குவாமி அவரை நீக்காமல் வைத்துக்கொண்டு வேலையை இழுத்தார். எதிரே நின்ற பில் ரான்சிக் ஜெயித்தார். பட்டறையில் வெள்ளித் தூளைச் சுருட்டுகிறவன் என்று தெரிந்தும் வைத்திருந்தால் அந்த முதலாளி மேல்தான் தப்பு.

மலைமிளகு:
அதே 2011 சீசனில் சூசன் மா என்ற பெண்ணை மறந்துவிட்டீர்கள். பாரிஸ் டாஸ்க்கில் "பிரெஞ்சுக்காரர்களுக்குக் குழந்தைகள் மேல் பிரியம் உண்டா?" என்று கேட்டு எல்லாரும் சிரித்தார்களே, அவர்தான். கடைசி நால்வரில் வந்து தோற்றார். ஆனால் நிகழ்ச்சி முடிந்தபின் அவருடைய டிராபிக் என்ற அழகுப் பொருள் கம்பெனியில் அதே சுகர் பணம் போட்டார். சின்ன வயதிலேயே சந்தைக் கடையில் நின்று விற்ற பெண். உங்கள் 80 மார்க் கணக்கில் இவர் எங்கே வருவார் அண்ணா?

குச்சிக்கிழங்கு:
சரி, லாபத்தை 40-க்கு இறக்குகிறேன். பொருளுக்கு 30. மீதி 30-க்கு, அணியில் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு "நீ என்ன செய்தாய்" என்று கேட்பேன். செவ்வாய்ப்பேட்டை ஐயா, கோபம் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை:
கோபமெல்லாம் இல்லை. 40 தப்பு. அவ்வளவுதான்.

தட்டுவடை செட்:
ஒரு சந்தேகம். இரண்டாம் நாள் விற்காமல் மிஞ்சிய சரக்கை எந்தப் பக்கம் எழுதுவீர்கள்? பாக்கெட் மிளகு என்றால் சரக்கு, துருவிய கேரட் என்றால் நஷ்டம். இதை முதலிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அத்தனை அணியும் மிளகுதான் விற்கும்.

மலைமிளகு:
விற்கட்டுமே அக்கா, என்னிடம் நிறைய இருக்கிறது :)