புதுப்பிப்பு: மின்கலக் கேள்விக்கு 16 வாட்தான்

சிங்கப்பூர் ஏ நிலைத் தேர்வில் எச்2 இயற்பியல் முதல் தாள் முடிந்ததும், ஒரு மின்கலத்தோடு இணைத்த வெளி மின்தடைக்குக் கிடைக்கும் திறன் எவ்வளவு என்ற கேள்விக்கு விடை 16 வாட்டா 24 வாட்டா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் போட்ட அண்ணன், அக்கா எல்லாருக்கும் நன்றி.

நேற்று பீஷான் நூலகத்தில் எல்லாரும் உட்கார்ந்து மறுபடி போட்டுப் பார்த்தோம். மின்னியக்கு விசை (மின்கலம் தரும் மொத்த மின்னழுத்தம்) 12 வோல்ட், அக மின்தடை (மின்கலத்துக்கு உள்ளேயே இருக்கும் தடை) 2 ஓம், வெளி மின்தடை 4 ஓம். மொத்தம் 6 ஓம், அதனால் மின்னோட்டம் 2 ஆம்பியர். மின்கலம் தருவது 24 வாட். அதில் 8 வாட் உள்ளேயே வெப்பமாகப் போய்விடும். கேட்டது வெளி மின்தடைக்குக் கிடைக்கும் திறன். ஆக 16.

24 போட்ட தோழிக்கு முகமே வாடிப்போச்சு. பாவம், மின்னோட்டம் வரை அவள் போட்டது சரி. முப்பதில் ஒரு கேள்விதானே என்று தேற்றினோம். வேதியியல் தாள் பாக்கி இருக்கிறவங்ககிட்ட இப்போதைக்கு விடை கேட்காதீங்க, ப்ளீஸ்.